மூலமா, புற்றா, மேகநோயா?
(பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



நம் பெரியவர்கள் பிட் தெரு என்றழைத்த இச்சாலையிலும் இதையொட்டியும் கிறிஸ்தவ ஆலயமும் சீனர் கோயிலும் மாரியம்மன் கோயிலும் பள்ளிவாசலும் நிற்கின்றன. பட்டணம் வந்தால் அவரவர் சந்நிதியில் குறை சொல்லி வணங்குகிறோம். ஆனால் ஒரு குறையைத் தெய்வத்திடமும் சொல்லக் கூசுகிறோம். அதையே இன்று பேசுவோம்.

ஆசனவாயில் இரத்தம், சீழ், வலி, ஓயாத முக்கல். இவை கண்டால் மூலமென்று களிம்பு பூசுகிறோம். அல்லது புற்றென்று அஞ்சி ஒடுங்கிவிடுகிறோம். இரண்டும் தவறாகலாம். அரையாப்பு உண்டாக்கும் கிளமிடியாக் கிருமியும், கிரந்திக் கிருமியும் உடலுறவு வழியே மலக்குடலைப் பற்றினால் புண்ணும் கட்டியும் எழும்பும். குழாய்விட்டுப் பார்க்கும் மருத்துவர் கண்ணுக்கே அது புற்றுபோல் தோன்றலாம். 2003இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் ஆண்களிடையே இந்த அரையாப்பு நோய் மலக்குடலில் பரவியது உலகறிந்தது.

இது அயலார் கதையுமன்று. 1905இல் மதராசில் டாக்டர் சார்ல்ஸ் டோனவன் மேகப்புண் ஒன்றில் புதிய கிருமியைக் கண்டார். டோனவன் நோய் எனப்படும் அப்புண்ணையும் புற்றென்று மயங்குவதுண்டு.

மயக்கம் ஏன் பெரிது? புற்றுக்குக் கத்தியும் கதிரும் வேண்டும். அரையாப்புக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை, தினம் இருவேளை, 21 நாள். கிரந்திக்குப் பெனிசிலின் ஊசி. குடலையே அறுத்தெறிய வேண்டியதில்லை. ஆனால் மேகநோய்தான் என்று நாமே முடிவுகட்டிப் புற்றை வளரவிடுவதும் ஆபத்து! சதைத் துணுக்குச் சோதனை, உட்புறம் துடைத்தெடுக்கும் கிருமிச் சோதனை, கிரந்திக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தச் சோதனை ஆகியவற்றைச் செய்தே உண்மை காண வேண்டும்.

ஆகவே தோழர்களே, ஆணோ பெண்ணோ, உறவு எவ்வழி என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் கேட்காவிடினும் சொல்லுங்கள். துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். இல்லையேல் நோய் திரும்பும். ஆணுறை காக்கும்.

சம்பளம் போகுமென்று அஞ்ச வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கும் வருடம் 14 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஐந்தாண்டு கடந்தவர்க்கு 22 நாள். கிராணிமார்களே, விடுப்பு கேட்டு வருபவரிடம் நோயின் பெயரைத் துருவாதீர்கள். மருத்துவச் சீட்டே போதும்.

மரத்தில் பட்டை நோய் கண்டால் உடனே மருந்து பூசுகிறோம். நம் உடல் மரத்திலும் மலிவானதா? வெட்கம் ஒரு நாள். உயிர் வாழ்நாள் முழுவதும்.