இல்லத்தில் உரக்கப் படித்தல்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்விக்கு உதவுதலை நம் சங்கம் தலையாய பணியாகக் கொண்டுள்ளது. ஆயினும் பள்ளிக்குப் பணம் கட்டுவதோடு பெற்றோர் கடமை தீர்ந்ததெனக் கருதலாகாது. முன்னாளில் ஒருவர் இராமாயணமோ பாரதமோ படிக்க, வீடு முழுதும் அமர்ந்து கேட்கும். இன்றோ ஒரே கூடத்திலிருந்தும் அவரவர் கைப்பேசியை நோக்கி மௌனமாயிருக்கின்றோம். இக்குறை நீங்க நாம் கைக்கொண்ட வழக்கமொன்றைக் கூற விரும்புகின்றோம். இரவுணவுக்குப் பின் அரைமணி நேரம் ஒரு நூலை உரக்கப் படித்தலே அது.

நாம் எடுத்த நூல் ஆர்தர் ரான்சம் என்னும் ஆங்கிலேயர் 1930-ல் வெளியிட்ட 'சுவாலோஸ் அண்ட் அமேசான்ஸ்'. சிரியா தேசத்து அலெப்போ நகரில் வைத்தியராயிருந்த ஆல்டூன்யன் என்பாரின் மக்கள் 1928-ல் இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரிக்கரைக்கு வந்து படகோட்டப் பழகினர். அவர்கள் அன்போடு அளித்த ஒரு ஜோடி செருப்புக்குக் கைம்மாறாக ரான்சம் எழுதியதே இக்கதை.

ஜான், சூசன், டிட்டி, ராஜர் என நான்கு பிள்ளைகள். ஏரி நடுவிலுள்ள தீவிற்குத் தாமே பாய்மரப் படகிற் சென்று கூடாரமிட்டுத் தங்க விரும்புகின்றனர். தந்தையோ கப்பற்படையிற் பணிபுரிந்து மால்டாவில் இருக்கின்றார். அவர் சம்மதம் தந்தியில் வருகின்றது. அத்தந்தியைத் தாய் ஏந்தி நிற்க, ஏழு வயது ராஜர் எதிர்காற்றில் ஏகும் பாய்மரக் கப்பல்போல் வளைந்து வளைந்து மேட்டில் ஓடிவருகின்றான். யாம் தமிழிற் பெயர்த்துச் சொல்லச் சொல்ல, எங்கள் கடைக்குட்டியும் கூடத்தில் அவ்வாறே ஓடினாள். பாட்டியார்மட்டும், "பெற்றவள் எப்படித்தான் மனம் துணிந்தாளோ!" என்றார்.

அக்கேள்விக்கு விடை கதையிலேயே உண்டு. அத்தாய் பிள்ளைகளைக் கைவிட்டவளல்லள். கூடாரம் தைத்துத் தருகின்றாள். தீவிற்கு வந்து பார்க்கின்றாள். பிள்ளைகள் நாடோறும் கரையிலுள்ள பண்ணைக்குச் சென்று பால் வாங்குகின்றனர். ராஜர் நீந்தக் கற்றலும் அங்கே ஒரு கடமை. பயிற்சியின்றித் தந்த சுதந்திரமன்று அது.

ஒருநாள் ஜான் இரவில் படகோட்டியதைத் தாயிடம் தானே ஒப்புக்கொண்டு, இனி அவ்வாறு செய்யேன் என உறுதி கூறும் பகுதியைப் படித்தோம். அப்பொழுது எங்கள் மூத்த மகன் தலை கவிழ்ந்தான். "அப்பா, நானும் உங்களிடம் சொல்லாமல் தோட்டத்துக் கிணற்றில் இறங்கினேன்" என்றான். அவனுக்கு நீந்தத் தெரியாது! எமக்கு நடுக்கமும் சினமும் ஒருங்கே எழுந்தன. ஆனால் கையிலோ அந்நூல். அடித்திருப்பின் அடுத்தமுறை மறைத்திருப்பான். மறுவாரமே அவனை நீச்சல் கற்க விட்டோம். நாமும் உடன் சென்று கரையில் நின்றோம்.

அன்பர்களே! தனித்துப் படித்திருப்பின் அவன் இதனை நம்மிடம் சொல்லியிரான். உரக்கப் படிக்குங்கால் பிள்ளைகளோடு பெற்றோரும் கற்கின்றனர். பேச நாவெழாதவற்றைப் பேசுதற்குக் கதை வாயிலாகின்றது.

ஆல்டூன்யன் மக்களுள் ராஜர் பின்னர் வைத்தியராகி, தாம் ஆஸ்துமா நோயாளியாதலின் தம் உடலிலேயே சோதித்து, அந்நோயைத் தடுக்கும் மருந்தொன்றைக் கண்டார். அஞ்சாமையும் எச்சரிக்கையும் ஒருங்கே வேண்டுமென்பதற்கு இது நற்சான்று.

ஆகவே இவ்விதழ் கண்ட இரவே ஒரு நூலை எடுங்கள். எம்மொழி நூலாயினும் ஆகுக. நாளுக்கோர் அத்தியாயம் போதும். படிக்கக் கற்ற பிள்ளைகளும் முறைவைத்துப் படிக்கட்டும். முதியோர் இடையிற் கேட்கும் கேள்வியைத் தடுக்க வேண்டா. நம் குலத்து இல்லந்தோறும் இவ்வொலி எழுக என வேண்டி அமைகின்றோம்.