மரை போவதற்கு முன்



உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. இப்போது அது எங்கே இருக்கிறது? பீரோவில், இன்சூரன்ஸ் தாளுக்கும் ஆர்.சி. நகலுக்கும் நடுவில், ஷோரூமில் கொடுத்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும். என் வீட்டிலும் பல வருஷம் அப்படித்தான் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்த முட்டாள்தனம்தான் அதைப் பிரிக்க வைத்தது.

ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயிலை வடித்துவிட்டு, போல்ட்டைத் திரும்ப மாட்டினேன். ஆயில் கசியக் கூடாதே என்று ஸ்பேனரில் காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். இறுகி நின்ற போல்ட், சட்டென்று வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றியது. பட்டறையில் இதற்கு "மரை போயிடுச்சு" என்பார்கள். போல்ட் இரும்பு, அது போய் உட்காரும் இடம் அலுமினியம். இரண்டும் மல்லுக்கு நின்றால் அலுமினியம்தான் தோற்கும்.

அன்று ராத்திரி உறையைப் பிரித்தேன். எந்த ஆயில், எவ்வளவு ஊற்ற வேண்டும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தது. காரணம் இருக்கிறது. நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்சும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது. வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்ந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிடிப்பில்லாமல் வழுக்கும்.

ஆனால் அந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம் என்பது அதில் இல்லை. அதற்கு இன்னொரு புத்தகம் இருக்கிறது: சர்வீஸ் மேனுவல். மெக்கானிக்குகளுக்காகக் கம்பெனி போடும் தடித்த புத்தகம். அதில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். 24 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஓர் அடி நீள ஸ்பேனரின் நுனியில் 8 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம் அது. நான் காலை வைத்தபோது இறங்கியது என் முழு எடை!

மூன்றாவது வகைப் புத்தகமும் உண்டு. அதைப் பரப்பியவர் ஜான் ஹெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1938-ல் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து ஏடனில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் ஸ்பிரைட் காரைப் பிரித்துச் சேர்க்க உதவினார். கம்பெனி மேனுவலைப் புரட்டினால், வீட்டில் வேலை செய்கிறவனுக்கு அது உதவவில்லை. ஆகவே கேமரா ஒன்றை வாங்கி, வண்டியைப் பிரிப்பதையும் மாட்டுவதையும் படிப்படியாகப் படம் எடுத்தார். அது 1966-ல் புத்தகமாக வந்தது. 3000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. பிறகு மோட்டார் சைக்கிள்களுக்கும் அப்படியே போட்டார்கள். கையில் கிரீஸ் பட்டவர் எழுதும் புத்தகத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்த இடத்தில் நம் கை தடுமாறும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும்.

எண்ணைப் பார்க்காமல் காதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டேப்பெட்டைச் சொல்லலாம். வால்வுக்கு மேலே விடும் சின்ன இடைவெளி அது. பல சிறிய வண்டிகளில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு தலைமுடி கனம். இடைவெளி கூடினால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். சத்தம் பிடிக்கவில்லை என்று இறுக்கிவிட்டால் வண்டி அமைதியாகிவிடும், நமக்கும் திருப்தி. ஆனால் வால்வு முழுசாக மூடாமல், சூட்டில் கருகிப் போகும். சத்தம் போடும் டேப்பெட்டைவிட வாய் மூடிய டேப்பெட்தான் ஆபத்து. அதனால்தான் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான கேஜை நுழைத்து அளக்கச் சொல்கிறது புத்தகம். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கேஜ்கூட வேண்டாம். வால்வைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை விரலால் உருட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

இனி, வேகத்தைக் கூட்ட ஆசைப்படும் தம்பிகளுக்கு. முதலில் கை வைப்பது சைலன்சரில்தானே? சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் திறந்துவிட்டால் காற்று கூடுதலாகப் போகும். பெட்ரோல் பழைய அளவிலேயே நிற்கும். பெட்ரோல் குறைந்த கலவையில் இன்ஜின் சூடேறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இளம்பழுப்பாக இருக்க வேண்டிய முனை வெளுத்திருக்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டையும் பெரிதாக்கியாக வேண்டும். நல்ல கையேடு இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் சொல்லும். கடையில் சைலன்சரை மட்டும் விற்பார்கள். அடுத்த ஆசை செயினை ஓட்டும் பல்சக்கரம். முன் ஸ்பிராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால் இழுவை 7 சதவீதம் கூடும். ஆனால் அதே வேகத்தில் போக இன்ஜின் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மைலேஜும் அடிவாங்கும்.

சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

வண்டியை மாற்ற நினைக்குமுன் வேறொன்று செய்து பாருங்கள். டயர் காற்று, செயின் தொய்வு, ஏர் ஃபில்டர், பிளக், டேப்பெட் ஐந்தையும் புத்தகத்தில் உள்ள எண்ணுக்குக் கொண்டு வாருங்கள். நாம் தேடும் பிக்கப்பில் பாதி, வண்டி ஏற்கெனவே வைத்திருந்து நாம் தொலைத்ததுதான்.

எந்த வேலையையும் தொடங்குமுன் அதற்கான அத்தியாயத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் ஒரு படம். கழற்றிய திருகுகளை முட்டை அட்டையில் வரிசையாக வையுங்கள். பிரேக்கில் சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கமே இல்லை.

புது மரை போட்டுக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "எத்தனை நியூட்டன் மீட்டர்னு பாத்துட்டு இறுக்கியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் கேட்டார். என் மேனுவலில் அந்த எண் இருக்கும் பக்கத்தில் இப்போது கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. தேடாமலே அந்தப் பக்கம் திறக்கிறது.