ஏடறியாப் பாட்டைக் கேட்டவர்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், புசல்லாவையைக் கடந்து இறம்பொடையை அடைவோர் அங்குள்ள அருவியைக் கண்டு சற்றே நின்றுவிடுவது வழக்கம். அருவியைச் சூழ்ந்து தேயிலைச் சரிவுகள்; அவற்றின் இடையே லயங்கள். அந்த லயங்களில் இலக்கியச் சுவைஞர் இருந்தனரா என்று வினவுவோர் மிகச் சிலரே. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், மண்ணெண்ணெய் விளக்கின் முன் எழுத்தறிந்த ஒருவர் அமர்ந்து, பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையையோ நல்லதங்காள் கதையையோ இராகமிட்டு வாசிப்பார். மற்றவர் சுற்றியிருந்து கேட்பர். நல்லதங்காள் பிள்ளைகளோடு கிணற்றங்கரைக்கு வரும் கட்டத்தில் விம்மல் எழும். மாசி மாதத்தில் காமன் கூத்து. அதனோடு பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. மலையகத்தில் இலக்கியச் சுவை என்பது பெரும்பாலும் செவிவழி வந்த செல்வமாகும்.

இச்செவிச் செல்வத்தை நன்குணர்ந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914ஆம் ஆண்டில், இறம்பொடையைப் போலவே நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். பெரிய கங்காணிக் குடும்பத்துப் பிள்ளையாதலால், கொழுந்துக் கூடை சுமந்தவரின் பிள்ளைகளுக்கு எட்டாத ஆங்கிலக் கல்வி அவருக்கு எட்டியது. இளமையில் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டவர் கவியரசர் தாகூர். 1934இல் தாகூர் தம் குழுவினரோடு இலங்கைக்கு வந்து கொழும்பில் நாட்டிய நாடகம் நடத்தியபோது, வேலுப்பிள்ளை இருபது வயதை எட்டும் இளைஞர். வங்கத்துக் கவிஞரின் ஆங்கில நடையில் மயங்கிய இளைஞர் அந்நாளில் எத்தனையோ பேர். அவர்களுள் பலர் நிலவையும் தாமரையையும் பாடி ஓய்ந்தனர். வேலுப்பிள்ளை அவ்வாறு ஓய்ந்துவிடவில்லை.

'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஆங்கிலத்தில் பாடிய நெடுங்கவிதை அதற்குச் சான்று. தாகூரிடம் கற்ற ஓசை அதில் உண்டு. பொருளோ முற்றிலும் மலைநாட்டுடையது. தேயிலைத் தூரடியில் கல்லும் பெயருமின்றிப் புதைந்து கிடக்கும் முன்னோரை நினைந்து பாடும் பாட்டு அது. சக்தீ பால ஐயா பின்னர் அதைத் தமிழாக்கித் தந்தார். மூலம் அடங்கிய குரலில் பேசுகிறது. தமிழாக்கம் எதுகை மோனையோடு முழங்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு மூலத்தின் அடக்கமே நெடுநாள் மனத்தில் நிற்கும். ஆனால் கூட்டத்தில் உரக்கப் படிப்பதற்குத் தமிழ் வடிவமே ஏற்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

1947இல் தலவாக்கலைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிந்தெடுத்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்க 1974இல் இணங்கின. தலைமன்னார்க் கப்பலில் ஏறியவர்கள் தகரப் பெட்டியையும் பாயையும் கொண்டு சென்றனர். பாட்டும் அவர்களோடு சென்றது. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட இயலாதே! பாடும் தாய் ஒரு கரையிலும், கேட்டு வளர்ந்த பேத்தி மறு கரையிலும் நின்றால் பாட்டு எக்கரையில் இருக்கும்?

ஆங்கிலக் கவிதை கற்ற அம்மனிதர் லய வாசலில் அமர்ந்து, எழுத்தறியாத தாய்மாரின் வாய்மொழியைக் கேட்டு எழுதிக்கொண்டதன் அருமை இப்போது விளங்கும். தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி என அவர் சேர்த்தவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாயின. நூல் 1983இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஆசிரியர் மறைந்தார்.

இத்தகைய நூல்களுக்கு அணிந்துரை வழங்குவோர் 'எளிய மக்களின் எளிய பாடல்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதுண்டு. எளிமை எங்கே இருக்கிறது? தமிழ்த் தாலாட்டில் மாமன் கொண்டுவரும் வெள்ளிச் சங்கையும் பொன் அரைஞாணையும் எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்கு ஓடும் தாய், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்பவள். அவள் மாலையில் திரும்பி, காம்பராவில் ஒருநாளும் இருந்திராத அப்பொருள்களையெல்லாம் பாட்டில் அடுக்கித் தொட்டிலை நிரப்புகிறாள். இல்லாததைப் பாடுவதற்கு வேண்டிய கற்பனை, உள்ளதைப் பாடுவதற்கு வேண்டியதிற் குறைந்ததன்று. கங்காணியை எள்ளும் பாட்டுகளிலோ வேறொரு நுட்பம் உண்டு. வசை நேரே வராது; கொழுந்தைச் சொல்வதுபோலவும் மழையைச் சொல்வதுபோலவும் வரும். அருகில் நிற்கும் கங்காணி கேட்டுச் சிரித்துவிட்டுப் போவான். மலை முழுவதும் பொருளை அறிந்து சிரிக்கும்.

இவ்வகைச் சுவை பின்வந்தோர்க்கும் வழிகாட்டியது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையைப் படிப்போர், அதன் உரையாடலில் மலையின் பேச்சோசை பிசகாமல் விழுவதைக் காண்பர். அவர் வானொலிக்கும் நாடகம் எழுதியவர். செவிக்கென எழுதிப் பழகிய கை என்பது வரிக்கு வரி தெரிகிறது.

வேலுப்பிள்ளையின் தொகுப்பைக் கையில் எடுப்போர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணால் மட்டும் படித்தால் சில பாடல்கள் தட்டையாகத் தோன்றலாம். மெட்டை அச்செழுத்துத் தாங்காது. இறம்பொடையிலோ பூண்டுலோயாவிலோ, கப்பல் ஏறியவர்கள் குடியேறிய கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்திலோ வயது முதிர்ந்த தாய்மார் இருக்கும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முதலடியை உரக்க வாசித்துப் பாருங்கள். இரண்டாம் அடியை அவர்களே தொடங்கிவிடக்கூடும். அது நூலில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதுமில்லை.