பனியும் சரளையும் வளர்த்த பந்தயம்

கனடாவில் கார்ப் பந்தயம் என்றால் நம்மவர் பலருக்கு அது மொன்றியல்தான். ஆண்டுக்கு ஒரு வார இறுதி, நொத்ர்-டாம் தீவு, 4.361 கிலோமீட்டர் ஓடுபாதை, 70 சுற்று. 2011ஆம் ஆண்டு அங்கே மழையால் நின்று நின்று நடந்த பந்தயம் முடிய நாலு மணி நேரத்துக்கு மேலானது. ஒரு கட்டத்தில் கடைசி ஆளாக ஓடிய ஜென்சன் பட்டன் கடைசிச் சுற்றில் முன்னுக்கு வந்து வென்றார். அந்த விழாவின் அருமையைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு நாட்டின் பந்தயக் கலையை, அங்கே மூன்று நாள் வந்து தங்கிப் போகும் உலகத் தொடரை வைத்து எடைபோட முடியாது. கனடாவுக்கென்று சொந்தமாக ஒரு ஓட்டக் கலை இருக்கிறது. பிடிமானமே இல்லாத தரையில் அது பிறந்தது. சின்னச் சின்னக் கழகங்களும் சம்பளம் வாங்காத தொண்டர்களும் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். இந்த நாட்டுப் பந்தயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

இதற்கு முதல் சாட்சி, மொன்றியல் ஓடுபாதைக்குப் பெயர் தந்தவரே. கியூபெக்கின் பெர்த்தியேவில் ஊர்க்காரரான ஜில் வில்நெவ், கார்ப் பந்தயத்துக்குக் காசு தேடிய நாட்களில் ஸ்னோமொபைல் ஓட்டிச் சம்பாதித்தவர். 1974இல் அதில் உலகப் பட்டமும் பெற்றார். முன்னே போகும் வண்டி வாரி இறைக்கும் பனித்தூளில் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது. வண்டியோ நேராகப் போவதைவிடச் சறுக்கிப் போவதே அதிகம். அந்தப் பழக்கம்தான் மழையில் தனக்குக் கைகொடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1976இல் ட்ரோய்-ரிவியேர் தெருப் பந்தயத்தில், அதே ஆண்டு உலகப் பட்டம் பெற்ற ஜேம்ஸ் ஹண்டைத் தோற்கடித்தார். ஹண்ட் அவரைப் பற்றி மக்லாரன் அணியிடம் எடுத்துச் சொல்ல, அடுத்த ஆண்டே ஃபார்முலா ஒன் கதவு திறந்தது. 1978 ஒக்ரோபரில், நல்ல குளிரில், மொன்றியலில் தன் முதல் வெற்றியைப் பெற்றார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1981. கொட்டும் மழையில் காரின் முன் இறக்கை வளைந்து எழுந்து கண்ணை மறைத்தது. பிறகு பிய்ந்தே போனது. முன் இறக்கை போன கார் திரும்ப மறுக்கும். அந்தக் காரைக் கொண்டுவந்து மூன்றாம் இடத்தில் சேர்த்தார். திரும்ப மறுக்கும் வண்டிகளோடு பல குளிர்காலம் மல்லுக்கட்டிய கை அது.

அந்தக் கைவேலையைக் கிட்ட நின்று பார்க்க ஒன்ராறியோவிலேயே இடம் உண்டு. மிண்டன் என்ற சிற்றூரில், கண்காட்சித் திடலுக்குத் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்து, அதன்மேல் பனிக்கட்டிப் பந்தயம் நடத்துகிறார்கள். ஓடுபவை பெரும்பாலும் பழைய சின்னக் கார்கள். ஆணி பதித்த ரயர்களுக்கு ஒரு பிரிவு, வெறும் குளிர்கால ரயர்களுக்கு ஒரு பிரிவு. பின்னதைத்தான் பார்க்கச் சொல்வேன். பனிக்கட்டியில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேரே போய்க்கொண்டே இருக்கும். திருப்பத்துக்கு வெகு முன்பே அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தோ, இடக்காலால் பிரேக்கை மெல்லத் தொட்டோ, காரின் பாரத்தை முன்சில்லுக்குக் கொண்டுவர வேண்டும். பாரம் ஏறிய முன்ரயர் கடிக்கும். பாரம் குறைந்த பின்பக்கம் விலகத் தொடங்கும். அந்த விலகலை வேண்டிய அளவுக்கு மட்டும் விட்டுப் பிடித்து, மூக்கு வெளிவாசலைப் பார்த்தபிறகே மறுபடி மிதிக்கலாம். அதோடு தரையும் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. எல்லோரும் ஓடி ஓடி உள்கோடு கண்ணாடியாக வழுக்கத் தொடங்கியதும், கெட்டிக்காரர் வெளியே விலகி, பனித்தூள் படிந்து சொரசொரப்பாக இருக்கும் இடத்தைத் தேடிப் போவார். தூரம் கூடினாலும் அவர்தான் முந்தி வெளியே வருவார். கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான காரில் ஓட்டுநர் செய்வது எது, இயந்திரம் செய்வது எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். இங்கே ஓட்டுநரின் யோசனை அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் இதைக் கலை என்கிறேன்.

ராலியும் இதே குடும்பம்தான். நவம்பர் கடைசியில் பான்கிராஃப்ட் காடுகளில் நடக்கும் டோல் பைன்ஸ் ராலியில் ஒரே நாளில் சேறு, சரளை, ஈரப்பனி, இரவின் கறுப்புப் பனி எல்லாம் வரலாம். பக்கத்தில் இருக்கும் துணை ஓட்டுநர் குறிப்பேட்டைப் பார்த்து வாசிக்க வாசிக்க, கண்ணுக்கு இன்னும் தெரியாத வளைவுக்காக ஓட்டுநர் காரைத் தயார்செய்ய வேண்டும். இந்தப் பள்ளியில் படித்த ஒட்டாவாக்காரர் வால்ட்டர் போய்ஸ், டக் வூட்ஸைத் துணையாக வைத்துக்கொண்டு, 1973இல் அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்த உலக ராலிச் சுற்றை ஒரு டொயோட்டா கொரோலாவில் வென்றார். உலக ராலியில் டொயோட்டா நிறுவனம் பெற்ற முதல் வெற்றியே அதுதான். இந்த நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஓட்டுநருக்குப் பின்னால் நிற்பவர்களையும் சொல்ல வேண்டும். ராலி நடக்கும் காட்டில் கைபேசி எடுக்காத இடங்கள் பல. அங்கெல்லாம் அமெச்சூர் வானொலிக்காரர்கள் குளிரில் உட்கார்ந்து, எந்தக் கார் கடந்தது, எது வரவில்லை என்று தகவல் அனுப்புகிறார்கள். கொடி காட்டுபவர், தீயணைப்பான் ஏந்தி நிற்பவர் எல்லோரும் தொண்டர்களே. அவர்கள் தேர்ச்சிக்கு ஒரு சான்று 1983 யூலை 23இல் கிடைத்தது. மனிற்றோபாவின் கிம்லியில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் வினிப்பெக் கார்க் கழகத்தார் பந்தய நாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எரிபொருள் கணக்கை இறாத்தலிலும் கிலோவிலும் குழப்பியதால் நடுவானில் எண்ணெய் தீர்ந்த ஏர் கனடா போயிங் 767, சத்தமே இல்லாமல் மிதந்து வந்து அந்தப் பழைய ஓடுபாதையில் இறங்கியது. மூக்குப் பகுதியில் பிடித்த சிறு தீயை அணைத்தவர்கள், கையில் தீயணைப்பானோடு ஓடிப்போன பந்தயக்காரர்கள். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அடித்தளம் இவ்வளவு வளமானது என்றால், 1997இல் ஜில்லின் மகன் ஜாக் வில்நெவுக்குப் பிறகு ஒரு கனடிய உலகச் சம்பியன் ஏன் வரவில்லை? பின்னால் ஃபார்முலா ஒன்னுக்குப் போன லான்ஸ் ஸ்ட்ரோலும் நிக்கலஸ் லாட்டிஃபியும் பெரும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள்தானே? உண்மை. ஆனால் ஸ்ட்ரோல் வெறும் பணம் அல்ல. 2020இல் துருக்கியின் ஈரத் தரையில் முதலிடத்திலிருந்து புறப்படும் தகுதியை ஓட்டியே பெற்றார். இடையில் அறுந்தது ஏணி. தொண்ணூறுகளில் பிளேயர்ஸ் சிகரெட்டின் பணம் ஜாக் வில்நெவ், கிரெக் மூர், பற்றிக் கார்ப்பன்ரியே போன்ற இளைஞர்களைச் சிறிய தொடர்களிலிருந்து இண்டிகார் வரை ஏற்றிவிட்டது. புகையிலை நிறுவனங்களின் விளம்பர ஆதரவுக்கு 2003இல் முழுத்தடை வந்தது. தடை சரியானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அந்தப் பணம் போன இடத்தில் வேறு பணம் வரவில்லை. திறமை வற்றவில்லை, மேலே போகும் வழிதான் பணக்காரருக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

மொன்றியல் விழா இருந்தால் போதாதா, அதுதானே ஆர்வத்தை வளர்க்கிறது என்பது இன்னொரு வாதம். ஆர்வம் வளர்வது உண்மை. ஒப்பந்தமும் 2035 வரை நீட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் விளம்பரதாரர் சண்டையில் 1987ஆம் ஆண்டும், பணத் தகராறில் 2009ஆம் ஆண்டும் அந்தப் பந்தயம் நடக்கவே இல்லை. அந்த முடிவுகளில் உள்ளூர் ஓட்டுநருக்கு எந்தப் பங்கும் கிடையாது. கழக ஓடுபாதைகளுக்கு ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு கார்க் கழகம் 1959இல் தானே உருவாக்கிய வெஸ்ட்வுட் ஓடுபாதை 1990இல் மூடப்பட்டு, இன்று அந்த மலையில் வீடுகள் நிற்கின்றன. கல்கரியின் ரேஸ் சிற்றி 2011இல் மூடியது. சத்தமும் புகையும் போனது நல்லதே என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஒன்ராறியோ சட்டம் தெருவில் சாகசம் காட்டுபவரின் காரை அந்த இடத்திலேயே 14 நாளுக்குப் பறித்துக்கொள்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் வேகத்தில் ஆசை உள்ள இருபது வயதுப் பிள்ளைக்கு, 'இங்கே செய்யாதே' என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே, யார் கண்காணிப்பில், எந்தத் தலைக்கவசத்தோடு செய்யலாம் என்பதையும் காட்ட வேண்டும். வெறும் வாகன நிறுத்துமிடத்தில் கூம்புகளை வைத்து ஓட்டும் ஓட்டோ-சலோம் அதற்கு மிக மலிவான வழி. வீட்டுக் காரே போதும்.

ஆகவே ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கமிருந்து கேட்கும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். மொன்றியல் நுழைவுச்சீட்டுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, குளிர் ஒத்துழைக்கும் ஒரு பெப்ரவரி வார இறுதியில் பிள்ளைகளை மிண்டனுக்குக் கூட்டிப் போங்கள். பந்தயக் கழகங்களுக்குக் கொடி பிடிக்க எப்போதும் ஆள் தேவை. அனுபவம் இல்லாதவர்களையும் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.