பேக்அப் இருக்கா?

தெருக்கூத்து, நாகஸ்வரம், கோலம் என்றெல்லாம் பேசக் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்றைய விஷயம் கொஞ்சம் வினோதமாகப் படலாம். டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்குக் காசு வாங்காமல் உதவுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். இது ஒரு கலையா என்று கேட்டால் வாதாட மாட்டேன். நன்றாகச் செய்பவர் யார், சொதப்புகிறவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடிகிற எதையும் எடைபோட்டுப் பார்க்கலாம். இதையும் பார்க்கலாம்.

ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், பரீட்சை மார்க் எல்லாமே எங்கோ ஒரு சர்வரில் வரிவரியாக அட்டவணைகளில் கிடக்கின்றன. அந்த அட்டவணைகளுக்குக் காவல் நிற்பவரை டிபிஏ என்பார்கள். எங்கள் ஒடுகத்தூர் மாதிரி ஜவ்வாது மலை அடிவாரத்து ஊரில் அப்படிப்பட்டவர்களுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளில் சிலர் 2020 கரோனாவின்போது லேப்டாப்போடு வீடு திரும்பினார்கள். சிலர் அப்படியே தங்கிவிட்டார்கள். நான் அந்த ரகம். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுக் கண் அசரும் நேரத்தில் போன் அதிரும். "அண்ணா, ஒரு டவுட்டு." அணைக்கட்டிலிருந்தும் வரும், அமெரிக்காவிலிருந்தும் வரும்.

இந்தத் தொழிலில் உதவி கேட்டு வரும் முதல் வாக்கியம் உலகம் முழுக்க ஒன்றுதான்: "வேலை செய்யலை." எது வேலை செய்யவில்லை, நேற்று செய்ததா, என்ன எரர் வருகிறது, எதுவும் இருக்காது. கூடவே ஒரு படம் வரும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தெரியாமல் மானிட்டரை போனில் சாய்வாகப் படம் பிடித்து, எரர் இருக்கிற மூலையில் டியூப் லைட் வெளிச்சம் விழுந்திருக்கும். அடுத்த செய்தி: "அர்ஜென்ட்." இந்த மூன்றையும் பார்த்து எரிச்சலடையாத டிபிஏவை நான் பார்த்ததில்லை. ஆனால் கைதேர்ந்தவர் அந்த அரைகுறைப் படத்திலிருந்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் வியாபாரி ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தே வயது சொல்கிறாரே, அந்த மாதிரி.

ஓர் உதாரணம் சொல்கிறேன், நம்மூர்ப் பெயரையே வைத்து. "ஒடுகத்தூர்" நம் கணக்கில் ஆறு எழுத்து. கம்ப்யூட்டரின் யூனிகோடு கணக்கில் பத்து. புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியாக எண்ணப்படும். சர்வரில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ள, மொத்தம் முப்பது பைட். ஆரக்கிள் என்ற டேட்டாபேஸில் ஊர்ப் பெயருக்கு இருபது இடம் ஒதுக்கியிருக்கிறான் ஒரு பையன். ஆரக்கிள் அந்த இருபதை, நாம் வேறு மாதிரி சொல்லாத வரை, பைட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். எரர் 12899, மதிப்பு பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடும். "ஆறு எழுத்துப் பெயர் இருபது இடத்தில் எப்படிண்ணா கொள்ளாது?" என்று அந்தப் பையன் கேட்டால் அது முட்டாள்தனமான கேள்வி இல்லை. ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட பாடப்புத்தகம் அவனுக்கு அதைச் சொல்லித் தந்திருக்க வழியில்லை.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இதைவிட மோசம். 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை அது ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன் முறையில்தான் இயல்பாகச் சேமித்தது. பழைய அமைப்புகளில் தமிழைப் போட்டால் எரர்கூடச் சொல்லாது. வாங்கிக்கொண்டு, திருப்பிக் கேட்டால் வரிசையாகப் பத்துக் கேள்விக்குறிகளை நீட்டும். "ஃபான்ட் பிரச்சினைண்ணா, எந்த ஃபான்ட் போடணும்?" என்று கேட்பார்கள். தெரிந்தவர் முதலில் பார்ப்பது, கேள்விக்குறியா கந்தலா என்பதைத்தான். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறிக் கந்தலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கிற முறைதான் தப்பு, மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறி என்றால் தமிழ் அழிந்துபோயிற்று. அந்த இடத்தில் இருப்பது நிஜமாகவே கேள்விக்குறிதான். எந்த ஃபான்ட் போட்டாலும் திரும்பாது. அப்போதுதான் உதவுகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். இந்தத் தொழிலில் பல்லவி அதுதான்: "பேக்அப் இருக்கா?"

பதிலுக்கு வரும் மௌனத்தை வைத்தே இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

அந்த மௌனத்தைக் கேட்டு எங்களுக்குள் சிரித்துக்கொள்கிறோம். மறைப்பதற்கில்லை. ஒருவருக்கொருவர் "தல", "ஜி" என்று அழைத்துக்கொண்டு, இன்று வந்த கேள்விகளில் மோசமானது எது என்று போட்டி போடுவதும் உண்டு. எந்த வரியை என்று சொல்லும் வேர் கண்டிஷன் போடாமல் டெலீட் அடித்து அட்டவணையையே காலி செய்தவரின் கதை, தேதியை வெறும் எழுத்தாகச் சேமித்துவிட்டு ஜனவரி இரண்டா பிப்ரவரி ஒன்றா என்று தெரியாமல் விழித்தவரின் கதை, எல்லாம் சுற்றும். இந்தக் கேலிக்கு அடியில் ஒரு பயம் இருப்பதை வெளியாட்கள் கவனிப்பதில்லை. நாளைக்கு அது தன் கையாலேயே நடக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நடந்தும் இருக்கிறது. 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர் ராத்திரி வெகுநேரம் கண்விழித்து ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு சர்வரில் அழிக்க வேண்டிய டைரக்டரியை வேறு சர்வரில், உயிரோடு ஓடிக்கொண்டிருந்த சர்வரில், அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிச்சம் நாலரை ஜிபி. ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட நம்பிக் கைவைக்கும்படி இல்லை. அதற்கு ஆறு மணி நேரம் முன்பு வேறு ஒரு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்து விவரங்கள் போயே போய்விட்டன.

அந்த நிறுவனம் செய்ததைத்தான் மெச்ச வேண்டும். மீட்கும் வேலையை யூட்யூபில் நேரடியாக ஒளிபரப்பியது. குறிப்புகளைத் திறந்து வைத்தது. தப்பு செய்தவரின் பெயரைப் போடவில்லை. உலகெங்கும் டேட்டாபேஸ் ஆட்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். கிண்டலும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் யோசனையும் ஆறுதலுமாகத்தான் வந்தது. போட்டிக் கம்பெனிக்காரர் வீட்டில் தீப்பிடித்தால் வேடிக்கை பார்க்கிற தொழில்கள் இருக்கின்றன. இது அப்படி இல்லை என்பதற்கு அந்த ஒரு ராத்திரி போதும்.

உதவுவதில் எனக்குத் தெரிந்த உச்சம் ஜிம் கிரே. 1998இல் கணினித் துறையின் ட்யூரிங் விருது பெற்றவர். பாதியில் கரண்ட் போனாலும் உங்கள் வங்கிப் பணம் பாதியில் தொங்காமல் இருக்கிறதே, அந்த டிரான்ஸாக்ஷன் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். அவர் விண்வெளி ஆராய்ச்சியாளர்களுக்கு உதவிய விதத்தை நம் மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நம் ஜவ்வாது மலையிலேயே, ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில், 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. விண்ணியலாளர் வைணு பாப்பு பெயரில் அமைந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அதைவிடக் கொஞ்சமே பெரிய, 2.5 மீட்டர் தொலைநோக்கி ஒன்று ஸ்லோன் சர்வே என்ற பெயரில் வானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைப் படம்பிடித்துக் குவித்தது. குவிந்ததை எப்படி அடுக்குவது, எப்படித் தேடுவது என்று அலெக்சாண்டர் சாலே என்ற விண்ணியலாளர் விழித்துக்கொண்டிருந்தபோது கிரே வந்தார்.

வந்தவர் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவில்லை. "நீங்கள் இந்த வானத்திடம் கேட்க விரும்பும் இருபது கேள்விகளை எழுதிக் கொடுங்கள்" என்கிற பொருளில் கேட்டார். இப்படி இப்படி ஒளி உள்ள கேலக்ஸிகள் எவை, ஒன்றுக்கொன்று அருகில் இருப்பவை எவை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்த இருபதுக்கும் பதில் வருகிற மாதிரி அட்டவணைகளை வடிவமைத்தார். 2001இல் அது எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேட்கலாம்.

ஏன் இருபது? அஞ்சு கேட்டால் சுலபமானவற்றையே சொல்வார்கள், நூறு கேட்டால் யாரும் உட்கார்ந்து எழுத மாட்டார்கள் என்பது என் ஊகம். எப்படியிருந்தாலும் முறை அபாரம். இந்தக் கலையின் மொத்த நுட்பமும் அதில் இருக்கிறது என்பேன். பதில் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வந்தவருக்கு நிஜமாக என்ன வேண்டும் என்பதை அவர் வாயாலேயே வரவழைப்பவர்தான் அபூர்வம். "க்வெரி ஸ்லோவா இருக்கு, இன்டெக்ஸ் எப்படிப் போடறது?" என்று ஒருவர் கேட்டால், இன்டெக்ஸ் போடச் சொல்லித் தருபவர் சுமார். "ஐந்து வருட விவரத்தையும் ஏன் ஸ்க்ரீனில் கொண்டுவருகிறீர்கள்?" என்று கேட்பவர் தேர்ந்தவர்.

அந்த கிரே 2007 ஜனவரி 28ஆம் தேதி, தாயின் அஸ்தியைக் கரைக்கத் தனியாகப் படகில் சான்பிரான்சிஸ்கோ கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. கடலோரக் காவல் படை தேடி ஓய்ந்த பிறகும் அவரிடம் ஒரு காலத்தில் உதவி பெற்றவர்கள் ஓயவில்லை. செயற்கைக்கோள் படங்களைத் துண்டுதுண்டாக்கி அமேசானின் தளத்தில் ஏற்ற, ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு துண்டாக அலசினார்கள். ஒன்றுக்கொன்று சண்டைபோடும் கம்பெனிகளின் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். படகு கிடைக்கவேயில்லை.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். எரிக் ரேமண்ட் என்ற மென்பொருளாளர் 2001இல் புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். என்ன செய்து பார்த்தாய் என்று சொல், எரரை அப்படியே ஒட்டு, முதலில் தேடிப் பார் என்றெல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றும் நியாயம். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒரு தலைமுறை அதைக் கைத்தடியாக்கிக்கொண்டது. புதிதாக வந்தவன் வாயைத் திறந்ததும் அதை எடுத்து மண்டையில் போடுவது. அலுப்பு புரிகிறது. ஒரே கேள்வியை நூறாவது தடவை கேட்பது அலுப்புதான். ஆனால் கேட்கிறவனுக்கு அது முதல் தடவை. அலுப்பை நம் ஆட்களிடம் கொட்டிக்கொள்ளலாம், அதற்குத்தான் "தல", "ஜி" எல்லாம் இருக்கிறார்கள். வந்தவன் முன்னால் கொட்டினால் அவன் அடுத்த தடவை கேட்காமலேயே டெலீட் அடிப்பான்.

கேட்கிறவர்களின் பாவக் கணக்கும் சின்னதில்லை. காலேஜ் லேப் பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி கேள்வித்தாளையே அனுப்பி "இதை மட்டும் எழுதிக் கொடுங்க" என்பவரைக்கூட மன்னிக்கலாம். ரெண்டு மணி நேரம் நம்மை யோசிக்க வைத்துவிட்டு, "ஓகே அண்ணா, சரியாயிடுச்சு" என்று ஒரு வரி போட்டு மறைகிறாரே, அவரைத்தான் மன்னிக்க முடிவதில்லை. எப்படிச் சரியானது என்று சொல்லியிருந்தால் அடுத்தவனுக்கு உபயோகம்.

தமிழில் இந்த உதவி எழுத்தாகவும் உறைந்திருப்பது நல்ல விஷயம். கணியம் இதழ் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் வெளியிட்டு வருகிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' மின்னூலாக இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எரரைப் பார்த்தாலே கை நடுங்குகிற பையனுக்கு அதைக் கொடுத்தால் பாதிக் கேள்வி குறையும். கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பாதிப் பேர் முதலில் செயற்கை அறிவு இயந்திரத்திடம் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். குறை சொல்லவில்லை, நானும் கேட்கிறேன். கேட்டதற்கு அது டக்கென்று பதில் தருகிறது. கேள்வியே தப்பாக இருந்தாலும் அநேகமாக மரியாதையாகப் பதில் தந்துவிடுகிறது, அதுதான் சங்கடம். "இதை ஏன் செய்யப் பார்க்கிறாய்?" என்று முகம் சுளிக்க இன்னும் ஓர் ஆள் தேவைப்படுகிறது.

இன்னொரு புது வழக்கம் வாய்ஸ் நோட். ஆங்கிலத்தில் டைப் அடிக்கக் கூச்சப்படுகிறவர்கள் தமிழிலேயே பேசி அனுப்புகிறார்கள். அதில் இருக்கும் சௌகரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. வட ஆர்க்காட்டுப் பேச்சில் "இன்னாண்ணா, ஜாயின் போட்டா ரெண்டு ரெண்டா வருது" என்று கேட்கும்போது பிரச்சினை எழுத்தில் வந்ததைவிடத் தெளிவாகவே இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால் வாய்ஸ் நோட்டைத் தேடி எடுக்க முடியாது. அடுத்தவர் அதே கேள்வியோடு வருவார், மறுபடியும் பேச வேண்டும். ஆகவே பத்து நிமிஷம் பேசி அனுப்புகிற அன்பர்களே, சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னால், என்ன டேட்டாபேஸ், எந்த வெர்ஷன் என்று ஒரு வரி டைப் அடித்துவிடுங்கள். பேக்அப் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.