பேரரசின் தங்கமும் உழவரின் முதுகும்



ஆதித் திருச்சபைக்கும் ரோமப் பேரரசுக்கும் இருந்த உறவை நாம் பெரும்பாலும் பேரரசர்கள், ஆயர்கள் வழியாகவே படித்திருக்கிறோம். நம் தோழரின் நினைவாகக் கூடியிருக்கும் இன்று, அதைக் கீழிருந்து வாசிப்போம்.

கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களைப் பற்றிய உண்மையை அறிய, இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக அதில் சொல்கிறார். அவர்கள் சபையில் திருப்பணியாளர் என்று அழைக்கப்பட்டவர்கள். அரசின் கண்ணில் அடிமைகள்; சபையில் பொறுப்பாளர்கள். அவர்களின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை.

இருநூறு ஆண்டுகளில் நிலைமை மாறியது. 313இல் கான்ஸ்டன்டைனும் லிசினியுஸும் வழிபாட்டு உரிமை அளித்தார்கள்; பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். 325இல் நிசேயாச் சங்கத்தைக் கூட்டியவர் கான்ஸ்டன்டைன். அப்போது அவர் திருமுழுக்கே பெற்றிருக்கவில்லை. ஒடுக்குமுறை நின்றது பெரிய விடுதலைதான், அதை நாம் குறைத்துப் பேசவில்லை. அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே நம் கேள்வி.

விடை வட ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஒடுக்குமுறைக்குப் பயந்து திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்களை ஆயர்களாக ஏற்க மறுத்த பிரிவினர் தொனாத்துவினர். தொடக்கத்தில் பேரரசரிடம் முறையிட்டவர்களும் அவர்கள்தாம் என்பதை மறக்க வேண்டாம். அழைக்கப்பட்ட அதிகாரம் திரும்பிப் போகவில்லை. 411இல் கார்த்தேஜில் இருதரப்பு ஆயர்களும் வாதிட்டபோது தீர்ப்புச் சொன்னவர் பேரரசின் அதிகாரி மார்செல்லினுஸ். தொனாத்துவினர் தோற்றார்கள்.

412இல் பேரரசர் ஹொனோரியுஸ் சட்டம் போட்டார். பிரிவை விட்டு வராத உயர்நிலைப் பிரபுவுக்கு அபராதம் 50 ராத்தல் தங்கம். சாதாரணக் குடிமகனுக்கு 5 ராத்தல். அடிமைகளை எசமானர்கள் கண்டித்துத் திருத்த வேண்டும். நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவர்களுக்கோ திரும்பத் திரும்ப அடி.

ஒரே குற்றம்தான். மேலே இருந்தவர் பணப்பையால் கட்டினார்; உழவர் முதுகால் கட்டினார். வற்புறுத்தலை முதலில் விரும்பாத ஹிப்போ ஆயர் அகுஸ்தீன், பின்னர் லூக்காவின் விருந்து உவமையைக் காட்டியே அதை நியாயப்படுத்தினார். அடிமைப் பெண்களைப் பொறுப்பில் அமர்த்திய சபைக்கு, அடிமையை எசமானர் கையில் விடும் சட்டம் இப்போது துணையானது.

ஒரு சபை சமத்துவத்தை நம்புகிறதா என்று அறிய, அதன் விசுவாச அறிக்கையை மட்டும் வாசித்தால் போதாது தோழர்களே. தன் ஒற்றுமைக்காக அது யாரை யார் கையில் ஒப்படைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.