சோல்டரிங் அயன் வாங்கப் போகிறீர்களா?



பள்ளிக்கூடத்தில் ரோபோ செய்யப் பழகும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "அப்பா, ஒரு சோல்டரிங் அயன் வேணும்" என்று கேட்கிற காலம் இது. எங்களில் பலருக்கு அது புதிய சாமான் அல்ல. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். அறுந்த வயரில் ஈயம் பிடிக்கத் தெரிந்தவருக்கு அப்போது ஊரில் தனி மதிப்பு இருந்தது. ஆனால் இன்று கனடாவில் கடைக்குப் போனால் 15 டொலரிலும் இருக்கிறது, 200 டொலருக்கு மேலும் இருக்கிறது. எதை வாங்குவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் எத்தனை வாற் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த அயன் தன் வெப்பநிலையைத் தானே பிடித்து வைத்திருக்குமா என்று பாருங்கள்.

மலிவான அயனைச் சுவரில் செருகினால் உள்ளே இருக்கும் கம்பி ஓயாமல் சூடாகிக்கொண்டே இருக்கும். போதும் என்று நிறுத்த அதில் ஒன்றும் இல்லை. சும்மா கிடக்கும்போது முனை 400 பாகையையும் தாண்டிவிடும். ஈயத்துக்குள் இருக்கும் பிசின் கருகும், முனை கறுக்கும், ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும். அதே அயனைப் பெரிய செப்புப் பரப்பில் வைத்தால் சூடு ஒரேயடியாக இறங்கிவிடும். பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பான். பலகையில் ஒட்டியிருக்கும் செப்புக் கோடு அப்படியே கழன்று வரும். பிறகு அவன், "எனக்கு இது சரிவராது" என்று எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவான். அந்த நட்டம் 15 டொலரோடு முடிகிறதில்லை.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அயனில் முனைக்குப் பக்கத்தில் சூட்டை அளக்கும் உணரி ஒன்று உண்டு. சூடு குறைந்தால் மின்சாரம் கூடும், போதுமென்றால் நிற்கும். 60 வாற் என்றால் பொருட்கள் கருகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கட்டுப்பாடு உள்ள 60 வாற் அயன், நீங்கள் வைத்த 340 பாகையைத் தாண்டிப் போகாது. இறங்கிய சூட்டை விரைவாகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மெல்லிய தாச்சியில் மாவை ஊற்றியதும் சூடு போய்விடுகிறது, கனத்த தோசைக்கல்லில் அப்படி இல்லையே.

இங்கே ஒரு ஏமாற்றமும் இருக்கிறது. 1 முதல் 5 வரை திருகி வைக்கும் சில அயன்கள் சூட்டை அளப்பதே இல்லை. விசிறியின் வேகத்தைக் குறைப்பது போல மின்சாரத்தை மட்டும் குறைக்கின்றன. பாகைக் கணக்கு இல்லாத திருகியைக் கண்டால், "இது வெப்பநிலையை அளந்து கட்டுப்படுத்துமா?" என்று கடையில் நேராகவே கேளுங்கள்.

அப்படியானால் எது? மேசையில் வைத்து வேலை செய்ய இடம் இருந்தால், 60 முதல் 100 டொலர் வரையில் வரும் சாதாரண ஸ்ரேசன் ஒன்று போதும். ஹக்கோ நிறுவனத்தின் 900எம் வகை முனைகள் பொருந்துவதாகப் பார்த்து எடுங்கள். அந்த முனைகளும் அவற்றைப் போன்றவையும் எங்கும் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் பொருளில் சிஎஸ்ஏ போன்ற கனடிய அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். மூன்று கால் பிளக் இருக்க வேண்டும். முத்திரை இல்லாததை, அது எவ்வளவு மலிவென்றாலும், பிள்ளையின் கையில் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுக்குமாடி வீட்டில் சமையலறை மேசைதான் வேலைமேசை என்றால், பேனை போன்ற சிறிய அயன்கள் நல்லவை. 2020இல் வந்த பைன்சில் அந்த வகை. யூஎஸ்பி-சி சார்ஜரில் வேலை செய்யும், ஆனால் கைத்தொலைபேசியோடு வரும் சின்னச் சார்ஜர் காணாது. 20 வோல்ற் கொடுக்கக்கூடிய 65 வாற் சார்ஜர் தேவை. வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினிச் சார்ஜரின் முனை பொருந்தினால் அதுவே போதும்.

முனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊசி போன்ற முனைதான் நுணுக்க வேலைக்கு நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் சூடு இறங்கப் பரப்பே இல்லை. உளி போல் தட்டையான, 2.4 மில்லிமீற்றர் அகல முனையை வாங்குங்கள். இன்னொன்று, அப்பாமாரே, தயவுசெய்து அரத்தைத் தூர வையுங்கள். ஊரில் செப்பு முனை தேய்ந்தால் அரத்தால் ராவித்தான் வேலை செய்தோம். இப்போதைய முனை செப்பின்மேல் மெல்லிய இரும்புப் பூச்சுப் பூசியது. ஒருமுறை ராவினால் பூச்சுப் போய், செப்பு ஈயத்திலே கரையத் தொடங்கிவிடும். பித்தளைச் சுருளில் துடைத்து, அணைக்கும் முன் முனையில் கொஞ்சம் ஈயம் பூசி விட்டால் அது பல காலம் உழைக்கும்.

ஈயக் கம்பியையும் பார்த்து வாங்குங்கள். வெள்ளீயம் 63, காரீயம் 37 என்ற கலவை 183 பாகையில் உருகும், பழகுவதற்கு இலகு. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் மின்னணுச் சாமான்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் பரவலான, காரீயம் இல்லாத கலவைகளில் பெரும்பாலானவை 217 பாகைக்கு மேல்தான் உருகும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கொஞ்சம் சிரமமென்றாலும் அதையே சொல்வேன். காரீயம் புகையில் வருவதில்லை, விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது. ஆகவே சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். புகை பிசினில் இருந்து வருவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது, யன்னலைத் திறந்து விடுங்கள். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் அமிலப் பசையை மட்டும் பக்கத்திலும் வைக்காதீர்கள், சேர்க்கிற் போட்டை அரித்துவிடும்.

கடைசியாக, ஊருக்குப் போய் வருகிறவர்களுக்கு. அங்கே 230 வோல்ற், இங்கே 120. அங்கிருந்து கொண்டுவந்த 25 வாற் சாதாரண அயன் இங்கே ஏழு வாற் அளவுதான் கொடுக்கும், ஈயம் உருகாது. இங்கிருந்து 25 வாற் அயனைத் தம்பிக்குக் கொண்டுபோனால் அது 90 வாற்றுக்கு மேல் இழுத்துச் சீக்கிரமே எரிந்துபோகும். கொண்டுபோவதானால் யூஎஸ்பி-சி வகையைக் கொண்டுபோங்கள், சார்ஜரில் 100 முதல் 240 வோல்ற் என்று எழுதியிருப்பதை முதலில் வாசித்துவிட்டு.